ஏழாம் பலகை திறந்திருந்தது

கட்டுகஸ்தோட்டை
9.4.1935

என் அருமை மகன் மஹ்ரூபுக்கு, வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் எனக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகிறது, கொயினா மருந்தின் கசப்புத்தான் இன்னும் நாக்கை விடவில்லை, பினாங்கில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். உன் தங்கை ருக்கியா கெலிஓயாவிலிருந்து கிழமைக்கொரு தடவை வந்து சமைத்து வைத்துவிட்டு, என்னோடு சண்டையும் பிடித்துவிட்டுப் போகிறாள். ஆற்றில் மறுபடி தண்ணீர் வந்துவிட்டது, பாலத்தடியில் நீ நீந்தப் போய் உம்மாவிடம் அடிவாங்கிய இடம் போன வருஷம் வெறும் குட்டையாய்க் கிடந்தது, காய்ச்சலைப் பரப்பிய நுளம்பெல்லாம் அங்கேதான் பெருகிற்று என்கிறார்கள்.

நீ கேட்ட உதவிப் பண விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் போட்ட உதவிச் சட்டப்படி ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிலும் மருந்தும் வந்தன, காய்ச்சலால் ஒரு மாதமாவது மூடிக்கிடந்த சின்னக் கடைகளுக்கும் உதவி உண்டு என்றார்கள், வாடகைக்கு வழியில்லாமல் நானும் போனேன். கடை எத்தனை நாள் மூடியிருந்தது என்று கடுதாசியில் ஒரு கேள்வி. நோன்பு மாதம் முழுக்க நான் ஒரு சாமானும் விற்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மகன், கடை வாசலை அடைக்கும் பன்னிரண்டு பலகையில் ஏழாவதை மட்டும் தினமும் கழற்றியது நான்தானே. எட்டு வயதில் நீ கரியால் எண் போடும்போது அதில் மட்டும் தலைகீழாக எழுதிவிட்டாய், அன்று உம்மா சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்தப் பலகையைத்தான் இந்த நோன்பு மாதத்தில் உம்மா இடைவெளியில் கிடையாகப் போட்டு, தான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நோன்பிருந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பகலில் நோன்புக் கஞ்சி வார்த்துக் கொடுத்தாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மூக்காயி என்ற பெண், இடுப்பில் பிள்ளையோடு குடித்துவிட்டு, நீங்க நூறு வருசம் நல்லா இருக்கணும்மா என்று கும்பிட்டாள். பெருநாள் கழிந்து பத்தாம் நாள் அதே காய்ச்சல் உம்மாவைக் கொண்டுபோய்விட்டது.

அரசாங்கக் கந்தோரில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் நல்ல மனுஷர், மூடினதெண்டு எழுதுங்கோ முதலாளி, ஆர் வந்து பாக்கப்போகினம் என்றார். நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய். பேனையை எடுத்தேன். கடை மூடியிருந்தது என்றால் உம்மா எங்கே நின்றாள்? ஒரு பலகை திறந்திருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திறந்த கடைக்கு உதவியில்லை என்று நேற்றுப் பதில் வந்தது. மாதக் கடைசியில் கடையை விட்டுக்கொடுக்க வேண்டும், வாப்பாமேல் கோபப்படாதே. ருக்கியா வீட்டுக்கே போகிறேன், கடையின் சொந்தக்காரரிடம் ஏழாம் பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் கஞ்சி வழிந்து காய்ந்த தடம் இருக்கிறது. ருக்கியா கழுவ வந்தாள், நான் விடவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வெள்ளிக்கிழமைகளில் உம்மாவுக்கு யாசீன் ஓத மறக்காதே. இனிக் கடிதத்தைக் கெலிஓயா விலாசத்துக்குப் போடு.

உன் வாப்பா
மு. தாஸிம்