ஹெல்மெட்டின் பின்பாரம்

மார்ச் 2, சனி

இன்றைக்கு எங்கள் ஊர் மீட்புக் கூட்டத்துக்குப் பயிற்சி. எல்வுட் தன் ஹெல்மெட்டில் இன்னொரு விளக்கு மாட்டிக்கொண்டு வந்தான். ஏற்கெனவே இரண்டு இருந்தது.

"என்ன எல்வுட், கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு, இன்னும் மரத்தக் கலைக்கலியா?" என்றேன். கோரலிக்குச் சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. பாவம், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண், நம் கூட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.

ஹாலிஸ் சிரிக்கவில்லை. எல்வுட்டின் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளக்குக்காகப் புதுத் துளை போட்டிருக்கிறானா என்று. துளை போட்ட ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு யாரும் தன் பின்னால் வரக்கூடாது, அதில் கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம் என்பது என் புருஷன் கட்சி. இருக்கிற ஆணித் துளையில் மாட்டு, இல்லாவிட்டால் மாட்டாதே. எல்வுட் ஒட்டித்தான் வைத்திருந்தான். தப்பித்தான்.

வேறொன்று. சாப்பிடும்போது ஹாலிஸ் கையிலிருந்து தட்டு நழுவியது. இடது கை. குனிந்து எடுத்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தான். நான் மும்முரமாகச் சோள ரொட்டி அறுத்தேன்.

மார்ச் 5

கேட்டே விட்டேன். இரண்டு விரல் மரத்துப் போயிருக்கிறதாம். எப்போதிலிருந்து? போன வருட மான் வேட்டைக் காலத்திலிருந்து! என்னிடம் சொல்லாமல்!

"விறகு பொளந்ததுல வந்திருக்கும்" என்கிறான்.

"விரல் மரத்துப்போற அளவுக்கு நீ என்னைக்கு விறகு பொளந்த?"

மார்ச் 19

ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் மருத்துவரைப் பார்த்தோம். கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை தேய்ந்து நரம்பை நசுக்குகிறதாம். முழுதாகப் படம் எடுக்க மே மாதம்தான் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரை தலையில் எந்தப் பாரமும் கூடாது, தப்பாக ஒரு தடவை விழுந்தால் அந்தக் கை திரும்பி வராது என்றார்.

பிக்கப் வண்டியில் திரும்பி வந்தோம். வீட்டு வளைவு வந்த பிறகு, "எல்வுட்கிட்ட வாய விட்றாத" என்றான்.

"நான் எப்பப்பா வாய விட்டிருக்கேன்?"

திரும்பி ஒரு பார்வை பார்த்தான். சரி, சரி.

மார்ச் 24, ஞாயிறு

மழை. ஹாலிஸ் சாப்பாட்டு மேசையில் ஹெல்மெட்டை வைத்துப் பழைய மெத்தைத் துண்டுகளைப் பிய்த்துவிட்டுப் புதுசு ஒட்டிக்கொண்டிருந்தான். மருத்துவர் சொன்னதைக் கேட்டவன் செய்கிற வேலையா இது? பார்த்துக்கொண்டிருந்ததில் பழசெல்லாம் ஞாபகம் வந்தது.

இந்த ஹெல்மெட் வந்தது தொண்ணூற்றொன்பதில். இரண்டாயிரம் பிறந்ததும் கணினியெல்லாம் நின்று, கரண்ட் போய், உலகமே ஸ்தம்பித்துவிடும் என்று எல்லோரும் சொன்ன வருடம். இராணுவக் கழிவுச் சாமான் விற்கிறவனிடமிருந்து ஹாலிஸும் எல்வுட்டும் ஆளுக்கொன்று வாங்கி வந்தார்கள். உள்ளே மெத்தை கிடையாது, வெறும் பட்டி வலை. நெற்றியில் தோல் பட்டை. போட்டுக் கழற்றினால் நெற்றியில் உழவு சால் மாதிரி கோடு விழும். அந்தக் கோட்டோடு என்னிடம் வந்து நின்று, "பயப்படாத வெர்னா, நான் இருக்கேன்" என்றான். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. கழுத்து எருது கழுத்து.

மூட்டை மூட்டையாகப் பீன்ஸ் வாங்கி நிலவறையில் அடுக்கினோம். புது வருடத்தன்று காலையில் மேலே ஏறி வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், ரொட்டி வாட்டும் பெட்டியை அழுத்தினான். கம்பி சிவந்தது. அவன் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! உலகம் அழியவில்லையே என்று ஒரு மனிதன் துக்கப்பட்டதை நான்தான் பார்த்திருக்கிறேன். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. அப்புறம் மூன்று வருடம் பீன்ஸ் தின்றோம். அந்தச் சிரிப்புக்குத் தண்டனை.

ஆனால் பனிப்புயல் வந்த வருடம் மரமெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிளை கிளையாக முறிந்தபோது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ரம்பத்தோடு பாதையைத் திறந்தது இவர்கள்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து சனங்கள் ஹாலிஸைத் தேடி வந்தார்கள். நானும் அவன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் ஹெல்மெட் வளர ஆரம்பித்தது. தாடைப் பட்டை நாலு முனையாச்சு. பக்கவாட்டில் தண்டவாளம் மாதிரி இரண்டு சட்டம். அதில் காதுக் கவசம். முன்னால் ஒரு தகடு, அதில் இருட்டில் பார்க்கிற கண்ணாடி. பின்னால் ஒரு பை. இன்றைக்குப் பார்த்தால் அது ஹெல்மெட்டா, குடும்பம் நடத்துகிற வீடா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 4

"சனிக்கிழமை போகாத" என்றேன்.

"சூறாவளிக் காலம் ஆரம்பிக்குது. கொட்டகையில இருட்டுத் தேடல். கோரலி அத ஒரு தடவகூடச் செஞ்சதில்ல. நான் இல்லன்னா எல்வுட் எப்படிச் சொல்லிக் குடுப்பான்? விளக்கு மேல விளக்கா மாட்டிட்டு நிப்பான்."

"கை போயிட்டா என்ன பண்ணுவ?"

"இன்னொன்னு இருக்குல்ல."

நான் சொல்ல வேண்டிய ஜோக்கை அவன் சொல்கிறான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஏப்ரல் 5

ஹாலிஸ் மர அறுவை ஆலைக்குப் போனதும் மான்கறி நிறுக்கிற தராசில் ஹெல்மெட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு கொழுத்த வான்கோழிக் குஞ்சு கனம்! இதைத் தலையில் வைத்துக்கொண்டு தவழ்கிறான்!

எதைக் கழற்றுவது? கண்ணாடியைக் கழற்றினால் உடனே தெரிந்துவிடும். காதுக் கவசமும் அப்படித்தான். பின்னால் தொங்குகிற பையைத் திறந்தேன். என் பழைய ஜீன்ஸில் நானே தைத்துக் கொடுத்த பைதான், உள்ளே எதையோ போட்டுக்கொள்ளப் போகிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். பார்த்தால் தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகள்! ஒரு பிரயோஜனமும் இல்லாத ஈயம்! ஆம்பளைகளுக்கு எதையாவது சுமக்காவிட்டால் தூக்கம் வராதோ?

ஈயத்தை எடுத்துவிட்டுப் பஞ்சை அடைத்துத் தைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கெட்டிக்காரி.

ஏப்ரல் 6

மருத்துவமனை. எழுத முடியவில்லை.

ஏப்ரல் 8

சரி, எழுதுகிறேன். எழுதினால்தான் அடங்கும்.

எல்வுட் கொட்டகையின் ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு கட்டியிருந்தான். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. வைக்கோல் அடைத்த ஆளை எங்கேயோ புதைத்து வைத்திருந்தார்கள், தவழ்ந்து போய்க் கண்டுபிடித்து இழுத்து வர வேண்டும். நான் வாசலில் அடுப்பு வைத்துச் சில்லிக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஹாலிஸ் குரல் கேட்டது. "கோரலி, சுவத்த விடாத. கைய சுவத்துலயே வச்சுக்கிட்டு வா." அப்புறம், "என்னடா இது, தலை கீழ போகுது" என்றான். அப்புறம் ஒரு சத்தம். இரும்பில் இரும்பு மோதுகிற மாதிரி.

கோரலிதான் அவனைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். டிராக்டரின் இழுவைக் கொக்கியில் தலை மோதியிருக்கிறது. ஹெல்மெட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான், மண்டைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இடது கை துணி மாதிரி தொங்கியது. அவனே அதை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

எல்வுட் வண்டியை ஓட்டினான். நானும் ஹாலிஸும் பின்னால். ஹெல்மெட் என் மடியில். அவன் அந்தப் பையை அமுக்கிப் பார்த்தான். அமுங்கியது.

"பஞ்சு" என்றான்.

நான் சொன்னேன். எல்லாம் சொன்னேன். தராசு, வான்கோழி, எல்லாம். பாரம் குறையட்டும்னுதான ஹாலிஸ், உன் கழுத்துக்காகத்தான, எனக்கு என்னப்பா தெரியும்—

"முன்னாடி கண்ணாடி இழுக்கும் வெர்னா. அதுக்குத்தான் பின்னாடி ஈயம். ரெண்டும் சமமா நின்னா கழுத்துக்குத் தெரியாது."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. முன்னாலிருந்து எல்வுட் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. இருபது வருடமாக அந்த ஹெல்மெட்டோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். குறைத்தால் கூடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிறவள் அதற்கு மட்டும் திறக்கவில்லையே.

ஏப்ரல் 11

அறுவை முடிந்தது. கழுத்துக்குள் ஒரு தகடும் நாலு ஆணியும் வைத்திருக்கிறார்கள். விழாவிட்டாலும் இந்த வருடத்துக்குள் இது வந்திருக்கும் என்றார் மருத்துவர். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, நிஜமாகவே அப்படியா, தெரியாது. கேட்டுக்கொண்டேன்.

"உன்னையும் புதுப்பிச்சுட்டாங்க" என்றேன் ஹாலிஸிடம். "நாலு ஆணி. ஏற்கெனவே இருந்த துளையில போட்டாங்களா, புதுசா துளைச்சாங்களா, கேட்டியா?"

கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

இனிமேல் ஹெல்மெட் கூடாது. எந்த ஹெல்மெட்டும். எந்தக் காலத்திலும்.

மே 4, சனி

பயிற்சி இல்லை.

ஜூன் 1, சனி

இல்லை. எல்வுட் வந்தான், வாசலில் நின்றான், வானிலை பேசினான், போனான். விரல்கள் கொஞ்சம் அசைகின்றன. ஹாலிஸ்தான் அசையவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். என்ன சீண்டினாலும் "ம்" என்கிறான். நான் அவன் அம்மா செய்கிற உருளைக்கிழங்கைக் கிண்டல் பண்ணினேன், அதற்கும் "ம்". கையைக் காப்பாற்றிவிட்டு ஆளைத் தொலைத்துவிட்டேனோ?

ஜூலை 14, ஞாயிறு

கோரலி வந்திருந்தாள். அடுத்த பள்ளத்தாக்கில் சூறாவளி இறங்கி இரண்டு வீட்டின் கூரையைத் தூக்கிவிட்டது, அங்கே போய் ஒரு கிழவியைச் சரிந்த அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்தாளாம்.

"சுவத்துலயே கைய வச்சுக்கிட்டுப் போனேன், நீங்க சொன்ன மாதிரி" என்றாள் ஹாலிஸிடம். "ஆனா நான் ஒத்த ஆளு. எல்வுட்டுக்கு முட்டி மடங்கல. உங்க கூட்டம் இருக்கா, கலைஞ்சிருச்சா? நேரா சொல்லுங்க. கலைஞ்சிருச்சுன்னா வேற ஊர்ல சேர்ந்துக்கிறேன்."

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் "ம்" என்றும் சொல்லவில்லை.

ஜூலை 16

வேலை முடிந்து வந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை முழுக்க ஹெல்மெட்டின் உறுப்புகள். கண்ணாடி தனியே. காதுக் கவசம் தனியே. சட்டங்கள் தனியே. ஒற்றைக் கையால் திருகிக்கொண்டிருந்தான். மறுபடியும் போடப் போகிறானா?

"விக்கவா?" என்றேன்.

"இப்படி உக்காரு."

"எதுக்கு?"

"தலையக் குடு."

துணி தைக்கிற நாடாவை என் தலையைச் சுற்றிப் பிடித்தான். இடது கை விரல்களால்தான் ஒரு முனையைப் பிடித்திருந்தான். நடுங்கியது, ஆனால் விடவில்லை.

"இருபது வருஷமா வாய்தான் பெருசுன்னு நெனச்சேன்" என்றான். "தலை சின்னதுதான்."

ஏப்ரலுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். அதை நான் கெடுப்பேனா?

ஆகஸ்ட் 3, சனி

அவன் இடத்தில் கோரலியோடு நான் போக வேண்டுமாம். மாட்டேன் என்று இரண்டரை வாரமாகச் சொல்லிப் பார்த்தேன். நான் சமையல்காரி, எனக்கு ஐம்பத்திமூன்று வயது, எனக்கு இருட்டு ஆகாது. அவன் ஒவ்வொன்றுக்கும் மெத்தைத் துண்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒட்டினான், அதுதான் பதில். உச்சியில் தடிமனானது, நெற்றியில் மெல்லியது, பின்னந்தலையில் இரண்டு. "ஆட்டு" என்பான். ஆட்டுவேன். "காத உரசுதா?" உரசும். மறுபடி பிய்ப்பான்.

நேற்று கடைசியாகப் போட்டுப் பார்த்தபோது உரசவில்லை. கண்ணாடி இல்லை, ஈயம் இல்லை, ஒரே ஒரு விளக்கு. உள்ளே அவன் வியர்வை வாடை இன்னும் இருக்கிறது. புது மெத்தை போட்டும் போகவில்லை. ஹெல்மெட்டின் ஓடே வாங்கிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. கண்ணை மூடினால் அந்த நிலவறை, முப்பத்தாறு வயது, பீன்ஸ் மூட்டைகள். அழுதுவிட்டேன். தாடைப் பட்டை இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னேன். உடனே தளர்த்தினான், பைத்தியக்காரன்.

செப்டம்பர் 6

நாளைக்குப் பயிற்சி. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னது ஹாலிஸ்.

செப்டம்பர் 7, சனி

உடம்பெல்லாம் வலி. முட்டியில் தோல் இல்லை. கொட்டகை இருட்டில் ஒரு முறை சுவரை விட்டுவிட்டு எல்வுட்டின் பழைய சலவை இயந்திரத்தைச் சுவர் என்று நம்பி அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். காதில் வாக்கி டாக்கி. ஹாலிஸ் வெளியே பிக்கப் வண்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெர்னா, இப்ப எங்க இருக்க?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா!"

"துணி தோய்க்கிற சத்தம் கேக்குது. வேலைய முடிச்சிட்டு வா."

எல்வுட் இருட்டில் விழுந்து விழுந்து சிரித்தான். அவனை நான் இருபது வருடமாகச் சீண்டியதற்கெல்லாம் ஒரே நாளில் வட்டி. பிறகு கோரலி என் காலணியைத் தட்டி வழி காட்டினாள், இருவருமாக வைக்கோல் ஆளைக் கண்டுபிடித்து இழுத்து வந்தோம். வாசலுக்கு வந்தபோது வெளிச்சம் கண்ணைக் கூசியது.

ஹாலிஸ் வண்டியிலிருந்து இறங்கி அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சில்லிக் குழம்பு அவன் வைத்தது. அடி பிடித்திருந்தது. யாரும் சொல்லவில்லை. எல்வுட் இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். கதவு தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்பினாய், கோரலி எங்கே இருந்தாள், அப்புறம், அப்புறம். எல்லாம் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை, வண்டி வாசலில் நின்ற பிறகும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் இடது கையால் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

"அடுத்த தடவ தீய கொஞ்சம் கம்மியா வைக்கணும்" என்றான்.