லாச்சிக்குள் இருந்த அம்பு

கல்முனை
02.06.2025

முகாமையாளர்,
வெண்சிப்பி ஹோட்டல்,
நீர்கொழும்பு.

கனம் கேதீஸ்வரன் அவர்களுக்கு,

நான் கோபத்தில் புள்ளி போடவில்லை. முதலில் அதைத் திருத்திவிட வேண்டும். என் மகன் றம்ஸீனைத் தொலைபேசியில் அழைத்து, "உம்மா வயசாளி, ஏதோ கோவத்தில மூன்று நட்சத்திரம் போட்டிட்டா, ஒருக்கா கதைச்சு ஐந்தாக்கித் தாங்க" என்று கேட்டீர்களாம். எனக்குப் படிப்பித்த கன்னியர் மடத்து மதர், கோபமாக இருக்கும் பிள்ளையைப் பேனை தொட விடமாட்டார். எழுபத்தாறு வயதிலும் எனக்கு அதே ஒழுங்குதான். உங்கள் கருத்துப் படிவத்தை நான் நிரப்பியது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மிக நல்ல மனநிலையில்.

மகனின் விமானம் பிந்தியதால் மே 24 முதல் 26 வரை இரண்டு இரவுகள் 214ஆம் அறையில் தங்கினேன். இரண்டு நாளும் விடாத மழை, சூரியன் தலைகாட்டவேயில்லை. அறையில் குறை சொல்ல முடியாது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குளியலறைத் தரையில் ஒரு தலைமயிர் இல்லை, தேடித்தான் பார்த்தேன். முதல் நாள் நான் மேசையில் விட்ட மூக்குக்கண்ணாடி, அடுத்த நாள் துடைத்துக் கட்டிலின் வலப்பக்கம் வைக்கப்பட்டிருந்தது. நான் வலப்பக்கம் படுப்பவள் என்பதைத் தலையணையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரண்டு நட்சத்திரங்களைக் குறைத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கொதிக்காத தண்ணீரில் நூல் கட்டிய பையைத் தோய்த்துத் தருவது தேநீர் அல்ல.

மற்றது பெரியது. உங்கள் மேசையின் லாச்சியை இழுத்தால், உள்ளே தொழும் திசையான கிப்லாவைக் காட்ட ஓர் அம்பு ஒட்டியிருக்கிறது. அது யன்னலை, அதாவது கடலைக் காட்டுகிறது. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் கிப்லா என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். முஸல்லா விரிப்பைத் திருப்பிப் போட்டுத் தொழுதேன். வெளியே போய் வந்து பார்த்தால், அறை துப்புரவு செய்யும் பெண் அதை மறுபடி கடல் பக்கம் விரித்திருக்கிறாள். நான் திருப்ப, அவள் திருப்ப, இரண்டு நாளும் இதே வேலை. கூப்பிட்டு, நான் ஒரு டீச்சர் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"நீ எந்த ஊர் புள்ள?"

"வினாயகபுரம் டீச்சர். நீங்களும் எங்கட பக்கந்தானே? கதையிலயே பிடிச்சிட்டன்."

"ஓம், கல்முனை. அப்ப கடல் எந்தப் பக்கமெண்டு உனக்கு நான் சொல்லித் தரவா?"

"தெரியும் டீச்சர்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அம்பைத் திருத்துங்கள். திருத்தியதை எனக்கு எழுத்தில் அறியத் தாருங்கள். மகனுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நஸீறா அபூசாலி
ஓய்வுபெற்ற ஆசிரியை

*

நீர்கொழும்பு
09.06.2025

பெருமதிப்புக்குரிய திருமதி நஸீறா அபூசாலி அவர்களுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். தங்கள் கடிதம் கண்டு பெருமகிழ்ச்சியும் அதேயளவு வருத்தமும் அடைந்தோம். விருந்தினரின் சொல்லே எங்கள் வழிகாட்டி என்பது வெண்சிப்பிக் குழுமத்தின் கொள்கை. அதன்படி தங்கள் கடிதம் கிடைத்த இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் 214ஆம் அறை உட்பட, கடல் பக்கம் உள்ள பன்னிரண்டு அறைகளிலும் அம்புகளை எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஒட்டப் பணித்துள்ளோம். அறைகளுக்குக் கேத்தலும் தேயிலைத்தூளும் கொடுத்துள்ளோம்.

குறைகள் இரண்டும் தீர்ந்துவிட்டதால், இத்துடன் அனுப்பும் புதிய படிவத்தில் ஐந்து நட்சத்திரங்களை நிரப்பித் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம். முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

தங்கள் பணியில் என்றும்,
ச. கேதீஸ்வரன்
முகாமையாளர்

*

கல்முனை
13.06.2025

கனம் கேதீஸ்வரன் அவர்களுக்கு,

வாழ்த்துக்கு நன்றி. உங்கள் கடிதத்தைப் பெருநாளுக்கு வந்திருந்த உறவுக்காரர் அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு அறைகள்! பேரப்பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பெரிய ஹோட்டல் ஒரு கடிதத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆனால் புள்ளியைக் கூட்ட மாட்டேன். பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகு சரியான விடையை எழுதிக்கொண்டு வந்தால் யாராவது புள்ளி கொடுப்பார்களா? மே 26ஆம் திகதி அந்த அறைக்கு மூன்று. அதுதான் விடைத்தாளில் நிற்கும். மகன் இங்கே லீவில் நிற்கிறார். அவரும் உங்கள் பக்கம்தான்.

"உம்மா, இந்தக் காலத்தில மூணு எண்டா ஃபெயில்."

"ஆரு சொன்ன?"

"எல்லாருந்தான் சொல்ற."

"எல்லாருமா, மகன், பேப்பர் திருத்துற? திருத்துற ஆளுக்கு மூணு நல்ல புள்ளி. என்னட்ட மூணு எடுத்த புள்ளையள் இப்ப டொக்டரா இரிக்காங்க."

அஞ்சுக்கு அஞ்சு என்று நான் யாருக்கும் போட்டதில்லை. என் மகனுக்கும் போட்டதில்லை. அவரைக் கேட்டால் சொல்வார். உங்கள் முத்திரை வீணாகாமல் உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நஸீறா அபூசாலி

*

நீர்கொழும்பு
20.06.2025

மதிப்புக்குரிய திருமதி நஸீறா அவர்களுக்கு,

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தங்கள் மூன்று நட்சத்திரம் ஹோட்டலைப் பெரிதாகப் பாதிக்காது. 214ஆம் அறையைத் துப்புரவு செய்த அன்னப்பிள்ளையைப் பாதிக்கிறது. அவரது தகுதிகாண் காலம் இந்த மாதம் 30ஆம் திகதி முடிகிறது. கடைசி இரண்டு மாதங்களில் அவர் பார்க்கும் அறைகளுக்கு நான்குக்குக் குறைந்த ஒரு படிவம் வந்தாலும் நிரந்தர நியமனம் இல்லை என்பது தலைமை அலுவலகத்தின் விதி. வந்தது தங்கள் படிவம் ஒன்றுதான். அதன் பின்பக்கத்தில் அவரைப் பற்றியும் இரண்டு வரி இருக்கிறது.

அது போதாதென்று, அம்புகளைத் திருப்பி ஒட்டச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். வேறொருவரைக் கொண்டு ஒட்டினோம். விளக்கம் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதியெடுத்திருக்கிறோம்:

"ஐயா, டீச்சரைக் குறை சொல்லாதீங்க. அவ இதை எங்கட ஊர்க் கடல் எண்டு நினைச்சிட்டா. நாங்க பிறந்ததில இருந்து கடல் கிழக்காலதானே. எனக்கும் இஞ்ச வந்து மூணு மாசம் திசை பிடிபடல்ல. கடலப் பாத்துக் கிழக்கெண்டு கும்பிட்டுக்கொண்டு இருந்திரிக்கன். எனக்கு அது பரவாயில்ல. அவங்களுக்குத் தொழுகை ஐயா. வாறவங்க எல்லாரையும் பிழையான பக்கம் நிப்பாட்ட என்னால ஏலாது."

விருந்தினரை ஒருபோதும் திருத்தக்கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதற் பாடம். அதனால்தான் தங்களிடம் வாய் திறக்காமல் விரிப்பை மட்டும் திருப்பி வைத்தாராம். எப்படியிருந்தாலும் விருந்தினரின் கருத்தை மறுத்தது ஒழுங்கு மீறலே. 30ஆம் திகதியுடன் அவர் வேலையிலிருந்து நிற்பார். தாங்கள் ஐந்து போட்டால் மட்டும் என்னால் ஏதும் கதைக்க முடியும்.

ச. கேதீஸ்வரன்

*

கல்முனை
23.06.2025
(விரைவுத் தபால்)

கனம் கேதீஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றுகொண்டே உடைத்து வாசித்தேன். அன்னப்பிள்ளை சொன்ன இடம் வந்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னது சரி. நான் சொன்னது பிழை.

இலங்கைப் படத்தை முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் கீறியவள் நான். நீர்கொழும்பு மேற்குக் கரை என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த அறைக்குள் அலைச் சத்தம் கேட்டதும் என் உடம்பு தன்பாட்டில் திரும்பிவிட்டது. இத்தனை வருடமும் நான் தொழ நிற்கும்போது கடல் என் முதுகுக்குப் பின்னால்தான் இரைந்தது. படித்ததை அது ஒரு நொடியில் அழித்துவிட்டது. லாச்சிக்குள் அம்பு இருந்தது. ஒரு பெண் இரண்டு நாளாகச் சண்டை போடாமல் திருத்திக்கொண்டும் இருந்தாள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. அங்கே தொழுத ஒன்பது வேளைத் தொழுகையையும் நேற்று முழுவதும் இருந்து திரும்பத் தொழுதுவிட்டேன். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. இனி உங்களுக்கும் எனக்கும் உள்ளதற்கு வருகிறேன்.

என் பிழை ஒரே அறையில், ஒரே ஆளோடு நின்றது. நீங்கள் அதைப் பன்னிரண்டு அறைகளுக்குப் பரப்பினீர்கள். ஒரு கிழவி எழுதினாள் என்று மேற்கைத் தூக்கிக் கிழக்கில் வைப்பீர்களா? உங்கள் அலுவலகத்துக்கு யன்னல் இல்லையா? ஒவ்வொரு பின்னேரமும் சூரியன் எங்கே இறங்குகிறது என்று ஒருவருக்குமா தெரியாது? தெரிந்த ஒருத்தி சொன்னாள். அவளை நிற்பாட்டுகிறீர்கள்.

அம்புகள் பன்னிரண்டையும் கடிதம் கண்ட அன்றே பழையபடி திருப்புங்கள். படிவத்தின் பின்பக்கம் அவளைப் பற்றி நான் எழுதிய இரண்டு வரியையும், அம்பைப் பற்றி எழுதியதையும் மீளப் பெறுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு சொல் குறைக்காமல் அனுப்புங்கள். என் பெயரையும் மறைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய புதிய படிவத்தை நிரப்பி, உங்கள் முத்திரை உறையிலேயே வைத்திருக்கிறேன். மேலே அச்சடித்திருந்த ஹோட்டலின் பெயரை வெட்டிவிட்டு "அன்னப்பிள்ளை" என்று எழுதியிருக்கிறேன். கீழே ஐந்து. இதை எழுதும்போது என் மகன் பக்கத்தில் நின்று, "உம்மா, அஞ்சா? அஞ்சேதானா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அஞ்சேதான். தெரிந்ததை விட்டுக்கொடுக்காதவளுக்கும், தெரியாதவளை அவமானப்படுத்தாதவளுக்கும் வேறென்ன போடுவது?

ஹோட்டலுக்கு மூன்றுதான். அம்புக்காகக் குறைத்த புள்ளியைத் திருப்பித் தருகிறேன். யாரோ சொன்னதற்காக அம்பைத் திருப்பியதற்கு ஒன்று குறைக்கிறேன். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

30ஆம் திகதிக்குள் நல்ல பதில் வராவிட்டால், பஸ் ஏறி வந்து உங்கள் வரவேற்பறைக் கதிரையில் உட்காருவேன். அறை எடுக்க மாட்டேன்.

நஸீறா அபூசாலி

*

நீர்கொழும்பு
30.06.2025

அன்புள்ள டீச்சர்,

பஸ் ஏற வேண்டாம். அன்னப்பிள்ளைக்கு இன்று காலை பத்து மணிக்கு நிரந்தர நியமனக் கடிதம் கொடுத்தேன். தலைமை அலுவலகத்தில் உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார்களாம். யன்னல் பற்றிக் கேட்ட இடத்தில் ஒருவர் எழுந்து போய் யன்னல் திரையை விலக்கிப் பார்த்தாராம். நான்கு நட்சத்திர விதியையும் எடுத்துவிட்டார்கள். விருந்தினர் பிழைவிட்டால் மரியாதையாகச் சொல்லலாம் என்று பயிற்சிப் பாடத்தையும் மாற்றப் போகிறார்கள்.

பன்னிரண்டு அம்புகளையும் அன்னப்பிள்ளைதான் திருப்பி ஒட்டினார். உங்கள் படிவத்தைக் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "டீச்சர் அஞ்சு போட்டிருக்காவா?" என்றார். பிறகு, "ஹோட்டலுக்கு எத்தின ஐயா?" என்று கேட்டார். மூன்று என்றேன். சிரித்தார். அன்று உங்களிடம் சிரித்த அதே சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். அவர் போனதும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் சிரித்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் மன்னாரில் பிறந்தவன். கடல் மேற்கே இருக்கும் ஊர்க்காரனுக்கு இந்தக் கரையில் திசை தவறாது. நீங்கள் எழுதியது பிழை என்று முதற் கடிதத்திலேயே தெரிந்தது. தெரிந்துகொண்டே திருப்பச் சொன்னேன். உங்களுக்கு உடம்பு மறந்தது. எனக்கு அப்படி ஒரு சாட்டும் இல்லை.

நீங்கள் விரும்பும் நாளில் இரண்டு இரவுகள் எங்கள் செலவில் வந்து தங்க வேண்டும். இது கொள்கைக்காக எழுதும் வரி அல்ல.

மரியாதையுடன்,
கேதீஸ்வரன்

*

கல்முனை
04.07.2025

அன்புள்ள கேதீஸ்வரன்,

நஸீறா டீச்சர் ஹோட்டல்காரரிடம் தோற்றுப்போய் மன்னிப்புக் கடிதம் எழுதினா என்று இப்போது ஊரில் கதைக்கிறார்கள். சந்தையிலும் ஒருத்தி கேட்டாள். "ஒரு பேப்பரைத் திரும்பத் திருத்தினன் புள்ள, அதில என்ட பேர் இருந்திச்சு, அவ்வளவுதான்" என்றேன். பெருநாளுக்கு வந்தவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு, ஆட்டிறைச்சிச் சோறு கொடுத்து, உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நியமனக் கடிதம் என்ற இடத்தில், முதல்முறை கை தட்டியதை விடப் பலமாகத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்" என்று நீங்கள் எழுதிய பந்தியை மட்டும் யாருக்கும் வாசிக்கவில்லை. அது எனக்கு எழுதியது. அதை எழுதிய கைக்கு என் வகுப்பில் இடம் உண்டு.

இலவசத் தங்கல் வேண்டாம். சும்மா தங்குகிறவருக்குப் புள்ளி போட உரிமை இல்லை. அந்த உரிமையை விட நான் தயாரில்லை. மகன் ஜூலை 20ஆம் திகதி கட்டாருக்குத் திரும்புகிறார். அவரை ஏற்றிவிட வரும்போது 18, 19 இரண்டு இரவும் 214ஆம் அறை வேண்டும். வழமையான வாடகை. முஸல்லாவை அன்னப்பிள்ளை விரித்த பக்கமே தொழுவேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நான் பிழையாக நின்றால் இந்த முறை வாய் திறந்து சொல்லட்டும்.

அறை கிடைக்குமா, அந்த நாட்களில் அன்னப்பிள்ளை வேலையில் நிற்பாளா, கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறதா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் அனுப்பவும்.

நஸீறா அபூசாலி