இடது கைக்காரியின் மடக்குக் கத்தி

இந்திரா நகர், நெய்வேலி
19.8.2025, செவ்வாய்

அன்பு மகள் மெர்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா தயவில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இடுப்பு வலி தொந்தரவு செய்யாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பேப்பரை எடுத்திருக்கிறேன். தினம் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்ததும் நீ முதலில் கேட்பது, கத்தி கடைக்கு வந்துவிட்டதா, கத்திப் பெட்டி மேல் அச்சடித்த என் போட்டோ எப்படி விழுந்திருக்கிறது என்றுதான். நானும் மூன்று மாதமாக வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அது பொய், கண்ணு. போன வாரம் நீ அந்த முதியோர் இல்லத்தில் உன்னோடு வேலை செய்யும் ஜப்பான்காரப் பெண்களிடமெல்லாம் எங்கம்மா ஒரு கத்தி செய்திருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றாயே, அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மாதா கோயிலில் பூசை நடக்கும்போது பாதியில் எழுந்து வெளியே போய் நின்றேன். அப்பா, நீ நடக்கிற நடையில சிமெண்ட் தரை தேஞ்சிடும்டி, ஒண்ணு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, இல்ல எழுதியாவது போடு என்றார். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். அவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், உள்ளே தூங்குகிறார்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். நான் பீச்சாங்கைக்காரி என்பது உனக்குத் தெரியும். எழுதவும் சாப்பிடவும் மட்டும் அடித்து வலது கைக்குப் பழக்கிவிட்டார்கள், மற்ற எல்லா வேலையும் இடது கைதான். செடி நர்சரியில் கான்ட்ராக்டில் சேர்ந்த புதிதில் முந்திரி ஒட்டுக் கட்ட எனக்கு வரவேயில்லை. ஒட்டுக் கத்தி ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் சரிவாகவும் தேய்த்திருக்கும், அது வலது கைக்காரருக்கான தேய்ப்பு. என் கையில் பிடித்துச் சீவினால் குச்சி நேராகச் சீவாமல் குழிந்து போகும், குழிந்தால் நாற்றோடு ஒட்டாது. உனக்குக் கையே தப்பு என்று சொல்லி என்னை இரண்டு வருஷம் நாற்றுப் பைக்கு மண் அள்ளிப் போட விட்டார்கள். அப்புறம் ஒரு பழைய கத்தியை அம்மிக் கல்லில் மறுபக்கமாகத் தேய்த்துத் தேய்த்து நானே மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு நான் கட்டிய ஒட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்தது. அந்தக் கத்தியைத்தான் போன வருஷம் விவசாயக் கண்காட்சியில் சங்கரலிங்கம் ஐயா பார்த்தார். கோயம்புத்தூரில் தோட்டக் கருவிகள் செய்யும் பட்டறைக்காரர் என்று அப்போதே உனக்குச் சொன்னேன். என் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏனுங்கம்மா, ஊரு பூரா ஒட்டுக் கட்டறது பொம்பளைங்க, நாங்க செய்யறதெல்லாம் ஆம்பள கை அளவு, நீங்க சொல்லுங்க, நான் செஞ்சு தர்றேனுங்க என்றார். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது உனக்குத் தெரியும், நீதான் அவர் அனுப்பிய பேப்பரைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னாய்.

எட்டு மாதம் அதே நினைப்பாக இருந்தேன். மடக்குக் கத்தியாகத்தான் வேண்டும் என்றேன், ஏனென்றால் நமக்கு ஜேப்பு கிடையாது, இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து நிமிர வேண்டும். திறக்கிறதுக்கு நகம் வைக்கிற பள்ளம் வேண்டாம், ஓட்டை போடுங்கள், முந்திரிப் பாலும் மண்ணும் பட்டு எங்கள் யாருக்கும் நகமே இல்லை என்றேன். மண்ணில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய மஞ்சள் பிடி கேட்டேன். திறந்தபின் தானாக மடங்காமல் இருக்க ஒரு லாக் கேட்டேன், லாக்கை விடுவிக்க ஒரு பட்டன். அது கட்டைவிரலுக்கு வாகாக வர வேண்டும் என்று அப்பா முந்திரிக் கட்டையில் நாலு பிடி செதுக்கித் தந்தார், அதில் பேனாவால் இடம் குறித்து அனுப்பினேன். இடது கைக்கு ஒரு தேய்ப்பு, வலது கைக்கு ஒரு தேய்ப்பு, பிடி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. மூன்றாவது சாம்பிள் வந்தபோது என் கையிலேயே முளைத்தது போல இருந்தது. மற்றப் பெண்களிடம் கொடுத்தேன், ஆளுக்கு நாலு குச்சி சீவிப் பார்த்து நல்லா இருக்குதுக்கா என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. சரி, போடுங்கள் என்று நான்தான் போனில் சொன்னேன். எண்ணூறு செய்தார்கள், அது போக இருபதை எங்கள் நர்சரிக்கு முன்கூட்டியே அனுப்பினார்கள்.

மே மாதம் இரண்டாவது வாரம். சரிதா பலா நாற்று ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வாழ வந்து, புருஷன் விட்டுப் போனபின் தாயை இங்கே அழைத்து வைத்துக்கொண்டிருக்கும் பெண், நீ ஊருக்கு வந்தபோது உனக்குப் பூ கட்டிக் கொடுத்தாளே அவள்தான். தண்டு கொஞ்சம் முற்றல். பிளவு போட்ட கத்தி உள்ளே மாட்டிக்கொண்டது. வெளியே இழுக்க அசைத்திருக்கிறாள். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, கத்தி மடங்கி இரண்டு விரல் மேல் விழுந்துவிட்டது. ஆள்காட்டி விரலில் எலும்பு தெரிந்தது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒன்பது தையல். நரம்பு அறுந்து தைத்திருக்கிறது, விரல் முழுக்க மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அவள் என்னிடம் சொன்னது என்ன தெரியுமா. நாந்தாங்க்கா தப்பா புடிச்சிகினு இருந்துட்டேன், உன் கத்தி மேல குத்தம் இல்ல என்றாள்.

மறுநாள் நான் அந்தக் கத்தியை எடுத்து, என் வாழ்நாளில் வெட்டுகிற வேலைக்கு வராத வலது கையில் பிடித்துப் பார்த்தேன். பட்டன் கட்டைவிரல் பக்கம் இல்லை. ஆள்காட்டி விரல் அடிப்பாகத்துச் சதைக்கு நேராக உட்கார்ந்திருந்தது. இறுக்கிப் பிடித்து அசைத்தால் அந்தச் சதையே பட்டனை அழுத்திவிடும். மெர்லின், நான் முழுக்க முழுக்க என் இடது கைக்கு அதை வைத்திருக்கிறேன். உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் வலது கைக்காரர்கள், அந்தக் கையை நான் யோசிக்கவே இல்லை. இருபது வருஷமாக உன் கை தப்பு, பிடி தப்பு என்று கேட்டுக் கேட்டு நொந்தவள், இன்னொருத்தி வாயிலிருந்து அதே வார்த்தை வரும்படி செய்துவிட்டேன்.

உடனே சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார், பொய் இல்லை. ஆனால் எண்ணூறும் பெட்டி போட்டாச்சுங்கம்மா, எப்படிப் புடிக்கோணும்னு ஒரு சீட்டு அச்சடிச்சு உள்ள வெச்சிடறேனுங்க, வருசக்கணக்கா கத்தி விக்கறேன், புடிக்கத் தெரியாம வெட்டிக்கறவங்க இருக்கத்தானுங்க செய்வாங்க என்றார். எங்கள் சூப்பர்வைசர் பழனிவேலும், பேசாம இரு மேரி, இதக் கிளறினா நாளைக்கு யாரும் சொந்தக் கத்தியே வச்சிக்கக் கூடாதுன்னுடுவாங்க என்றார். பதினைந்து நாள் நானும் பேசாமல் இருந்தேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கம். அந்தப் பதினைந்து நாளும் சீட்டு வைத்தால் போதும், போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியில் இருக்கிற என் போட்டோவை நினைத்துக்கொள்வேன். பதினாறாம் நாள் சரிதா வீட்டுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவள் இடது கையால் தலை வாரப் பார்த்துச் சீப்பைக் கீழே போட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். வாய் தானாகத் திறந்துவிட்டது. நீ தப்பா புடிக்கலடி, பட்டனை நான்தான் தப்பான இடத்துல வச்சேன் என்றேன். அவள் சீப்பை மடியில் வைத்தாள். அப்புறம், அப்ப இத்தினி நாளா எதுக்குக்கா என்னைய அப்பிடிச் சொல்ல வுட்ட என்று கேட்டாள். கொண்டுபோன கஞ்சியை அவள் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

கோயம்புத்தூருக்கு என்கூட வருவாயா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தனியாகப் போகத்தான் கிளம்பினேன். விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கைக்கட்டோடு நிற்கிறாள். சேலம் போய் பஸ் மாறி, மத்தியானம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே சங்கரலிங்கம் ஐயா மரியாதையாக நாற்காலி போட்டு, காபி வரவழைத்தார். நான் உட்காரவில்லை. கத்தி அலகின் முனையிலிருந்து அடி வரைக்கும் பிளாஸ்டர் துணியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். பை நிறைய பலாக் குச்சியும் இருந்தது. ஒன்றைப் பிளந்து கத்தியை இறுக்கிச் செருகி, உங்க வலது கையால இத வெளிய இழுங்க ஐயா என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். முதல் தடவை மடங்காமலே வந்துவிட்டது. இன்னும் ஆழமாகச் செருகினேன். இரண்டாவது தடவை அசைத்து அசைத்து இழுத்தார், டக்கென்று சத்தம், கத்தி மடங்கி அவர் விரல் மேல் விழுந்தது. துணி சுற்றியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் கையை உதறிய வேகத்தில் காபி டம்ளர் உருண்டது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் விரலைப் பார்த்தார், சரிதா கைக்கட்டைப் பார்த்தார். அப்போதுதான் சரிதா வாயைத் திறந்தாள். நீங்களும் தப்பாத்தான் புடிச்சீங்களா சார் என்றாள்.

அவருக்கு வந்த கோபத்தையும் நான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்து, நீங்கதானுங்கம்மா எடம் குறிச்சுக் கொடுத்தீங்க என்றார். ஆமாம் ஐயா, நான்தான், தப்பு என்னுடையது, அதைச் சொல்லத்தான் வந்தேன், என் போட்டோ போட்ட பெட்டியில் இது போகக் கூடாது என்றேன். சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அரை மணி கழித்து வந்து எண்ணூறையும் நிறுத்தி வைக்கிறேன் என்றார். பட்டனை எந்தக் கை பிடித்தாலும் விரல் படாதபடி பிடியின் முதுகுப் பக்கத்துக்குக் கொண்டுபோக முடியுமா பார்க்கிறேன், முடியாவிட்டால் இதோடு விட்டுவிடலாம் என்றார். போட்டோ இனி இருக்காது என்றும் சொன்னார். சரி என்றேன். சரிதாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார், அதைச் செய்தும்விட்டார், அந்த மட்டில் நல்ல மனிதர்.

அப்புறம் இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. நான் போன் போடவும் இல்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை, நம்பரை எடுப்பேன் வைப்பேன். இந்த மாதம் ஏழாம் தேதி நர்சரிக்குப் பார்சல் வந்தது, புது சாம்பிள், ஒன்றே ஒன்று. பெயர் சரிதா என்று போட்டிருந்தது. உள்ளே அவர் கையெழுத்தில், நீங்கள் சரி என்றால்தான் செய்வேன் என்று இரண்டு வரி. எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றுதான் இருந்தது, மறைக்க மாட்டேன். கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியிருந்த அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் தினமும் அவள் முகத்தைப் பார்ப்பேன், குச்சி எடுக்கப் போகிற சாக்கில் அவள் பக்கமாக நாலு தடவை போய் வருவேன். அவளும் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு.

இன்று காலையில் வந்து கத்தியை என் கையில் வைத்தாள். ரெண்டு கையாலயும் பாத்துட்டேன், பச்சக் குச்சி, காஞ்ச குச்சி, எல்லாத்துலயும் செருகி அசைச்சிப் பாத்துட்டேன், மடங்கலக்கா, அவரைச் செய்யச் சொல்லு என்றாள். நான் கும்பிட்டேன், நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. கத்தி நல்லா இருக்குதுக்கா, எனக்குத்தான் இன்னும் அதத் தொறக்க பயமா இருக்குது, நான் வெட்ட மாட்டேன் என்றாள். அவள் விரல் பாதிதான் மடங்குகிறது. நான் உடனே சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டு, சரிதா சரி சொல்லிட்டா என்றேன். பிறகு என் மணையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். நான் பிளந்து சீவிக் கொடுக்கக் கொடுக்க அவள் பொருத்திக் கட்டினாள். ஒரு செடிக்கு இரண்டு பேர் என்றால் கணக்குக் குறையத்தான் செய்யும். பழனிவேல் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் அவள் எழுந்து போகவில்லை.

கண்ணு, அந்தப் பெண்களிடம் எங்கம்மா கத்தி செய்தாள் என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதே, நடந்ததையும் சொல். என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் போனில் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. பெரியவர்களைத் தூக்கும்போது இடுப்புப் பட்டை கட்டாமல் தூக்காதே, அவசரம் என்று தனியாளாகத் தூக்காதே, கூட ஒருத்தியைக் கூப்பிடு. செப்டம்பர் எட்டு மாதா பிறந்தநாளுக்கு அங்கே கோயில் எவ்வளவு தூரமாக இருந்தாலும் போய்விட்டு வா. சரிதா விரலுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. அப்பாவின் முத்தமும் இதில் இருக்கிறது.

உன் அம்மா,
மை. மேரிசெல்வி