புகை எழாத முள்ளிக்குன்றம்

நலம் பெருகுக. குவளைக்கொடி நிமிர்ந்து நிற்க. செங்குவளை நாட்டின் பதினெட்டுக் கூற்றங்களையும் ஒரு குடைக்கீழ் ஆளும் கோமகள் உலகுடைநங்கைத் தேவியாரின் திருவடிகளுக்கு, வனக்காவல் மந்திரியும், தேவியாரின் பேரவையில் "புகையடக்கிய வேளான்" என்று பட்டம் பெற்றவனுமாகிய நெடுங்காவூர்ப் பொற்காரி, முள்ளிக்குன்றத்து அடிவாரப் பாசறையிலிருந்து வணங்கி எழுதிய ஓலை. தேவியாரும் திருக்குமாரரும் நலமாக இருப்பதாக. நாட்டில் மழை பொழிவதாக. இந்த மழை வாழ்த்தை வழக்கத்துக்காக எழுதவில்லை. நெஞ்சு எரிந்து எழுதுகிறேன்.

முள்ளிக்குன்றத்தில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது, அது கீழே இறங்குமுன் காரணம் கண்டு வருக என்று தேவியார் பணித்தபடி, அரண்மனை மருத்துவரோடும் பன்னிரு வீரரோடும் ஐந்து நாளைக்கு முன் இங்கு வந்து சேர்ந்தேன். காரணத்தைக் கண்டுவிட்டேன். அதைக் காண நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். என் வீட்டில் ஒரு கண்ணாடி இருக்கிறது.

சென்ற கார்த்திகையில் நான் சொன்ன யோசனையைத் தேவியார் மறந்திருக்க மாட்டார். இரண்டாண்டு மழை பொய்த்து, குன்றத்துத் தினைப்புனம் கருகி, கிழங்கு தோண்டிய குழிகள்கூட வறண்டுபோன பிறகு, குடிகள் மானையும் பன்றியையும் வேட்டையாடி உயிர் வளர்த்தனர். அரச வேட்டைக்கென்று காத்த காட்டில் மான் குறைகிறது என அவையில் முறையீடு எழுந்தது. வேட்டையாடுகிறவனைக் காட்டில் பிடிப்பது கடினம், அடுப்பில் பிடிப்பது எளிது என்று நான் சொன்னேன். தானியம் இல்லாத வீட்டார் வெறும் பானையைக் காட்டினால் களஞ்சியத்திலிருந்து தினை வரும் என்று முதலில் முரசறையச் செய்தேன். நம்பிக் காட்டினார்கள். காட்டிய வீட்டுச் சுவர்களிலெல்லாம் சுண்ணாம்பால் ஒரு வட்டம் இட்டோம். தினை போகவில்லை; அதற்குப் பதிலாக, அந்த வீடுகளைக் கண்காணிக்கப் பாறை உச்சியில் பரண் கட்டிக் காவலரை அமர்த்தினோம். தானியமில்லாத வீட்டில் புகை எழுந்தால் உலையில் வேட்டைக்கறிதானே இருக்கவேண்டும்? வட்டமிட்ட வீட்டில் புகை கண்டால் அக்குடும்பத்தை எல்லைக்கு அப்பால் துரத்துவது என்பது ஆணை. முதல் மாதத்தில் மூன்று குடும்பங்கள் துரத்தப்பட்டன. அடுத்த மாதம் புகையே இல்லை. வேட்டை ஒழிந்தது என்று இங்குள்ள தலைக்காவலன் கொற்றன் ஓலை விடுத்தான், அவை மகிழ்ந்தது, எனக்குப் பட்டமும் பொற்பூவும் கிடைத்தன.

வேட்டை ஒழியவில்லை, தேவியாரே. அடுப்பு மட்டும் அணைந்தது. கிடைத்த பன்றிக்கறியைக் குடிகள் பச்சையாகத் தின்றிருக்கிறார்கள். வெயிலில் காயவைத்தால் பரணுக்குத் தெரிந்துவிடும் என்று, இருட்டு அறைக்குள் புளிச்சாறு தேய்த்து வைத்துத் தின்றிருக்கிறார்கள். முதலில் வயிற்றுப்போக்கு, பின் காய்ச்சல், பின் முகம் வீங்கி, கைகால் சதையெல்லாம் நோவெடுத்து, மூச்சிழுக்கவும் வலுவின்றிச் செத்திருக்கிறார்கள். இது கொள்ளைநோய் அல்ல, வேகாத கறி என்று மருத்துவர் இரண்டாவது வீட்டிலேயே சொல்லிவிட்டார். இருபத்து மூவரைப் புதைத்திருக்கிறார்கள். அவர்களுள் பதினால்வர் குழந்தைகள்; பல் முளைக்காத சிலருக்குத் தாயாரே மென்று ஊட்டியிருக்கிறார்கள்.

பூதி என்பவள் ஒரே வாரத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள். மிஞ்சியிருப்பவள் ஏழு வயது நீலி. அவள் முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தாள். சுடுகஞ்சி கொடுத்து வந்தால் பிழைக்க வழியுண்டு என்றார் மருத்துவர். என் வீரரின் அரிசியில் ஒரு பங்கைக் கொடுத்தேன். பூதி அதை வாங்கி மூலையில் வைத்தாளே தவிர அடுப்பை மூட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, முன்பும் நல்ல வார்த்தைதான் முதலில் வந்தது, சுண்ணாம்பு பிறகுதான் வந்தது என்றாள். இந்த அரிசியும் யார் வீட்டில் புகை வருகிறது என்று பார்க்கத்தானே என்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. தலைநகரில் எவனோ ஒரு கெட்டிக்காரன் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறான், அவன் வீட்டு அடுப்பில் பூனை தூங்கட்டும் என்று சபித்தாள். கொற்றன் அதட்ட வாயெடுத்தான், தடுத்தேன். அந்தக் கெட்டிக்காரன் நான்தான் என்று சொல்லாமலே அன்று பாசறைக்குத் திரும்பினேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஊரார் அனைவர் முன்னும் சொன்னேன். ஒருவரும் கல்லெடுக்கவில்லை, எடுத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு பாறைமேல் ஏறி, என் கையாலேயே பரணுக்குத் தீ வைத்தேன். சுவர்களிலிருந்த வட்டங்களை வீரர்கள் சாணத்தால் மெழுகினார்கள். அப்படியும் எந்தக் கூரையிலும் புகை எழவில்லை. கஞ்சியைப் பாசறையிலேயே காய்ச்சி எடுத்துப்போனோம். நான் முதல் மிடறு குடித்துக் காட்டிய பிறகுதான் நீலிக்கு ஊட்ட விட்டாள் பூதி. ஆனால் பாசறை இங்கேயே இருக்கப்போவதில்லை. அரிசியும் இன்னும் ஆறு நாளுக்குத்தான் வரும்.

ஆகவே, தேவியாரின் ஒப்புதல் வருமுன்பே தேவியாரின் பெயரால் ஆணையிட்டுவிட்டேன்: மழை பெய்து புனம் விளையும் வரை முள்ளிக்குன்றத்தார் உண்பதற்காக வேட்டையாடுவது குற்றமன்று, துரத்தப்பட்ட மூன்று குடும்பங்களையும் தேடி அழைத்துவர, துரத்திய கொற்றனே நாளை புறப்பட வேண்டும். வாக்களித்த தினையை அனுப்புவதும், இவ்வாண்டு அரச வேட்டையை நிறுத்துவதும் தேவியாரின் கையில் உள்ளன. வேட்டைக்கு அழைத்த விருந்தினர் முகம் சுளிக்கலாம். காட்டில் மானும் குறையலாம். குறைந்தால் குறையட்டும். அதிகாரம் மீறியதற்கும், இருபத்து மூன்று உயிர்களுக்கும், எனக்கு உரிய தண்டனையைத் தருக. ஆனால் தினை முதலில் வரட்டும், தண்டனை பிறகு வரட்டும். இந்த ஊருக்கு இதுவரை தண்டனை மட்டுமே வந்திருக்கிறது. பொற்பூவை இவ்வோலையோடு திருப்பி அனுப்புகிறேன். பட்டம் பொறித்த முத்திரையை உடைத்துவிட்டதால், என் தந்தையார் அணிந்திருந்த மோதிரத்தால் இலச்சினை இடுகிறேன்.

இவ்வளவு எழுதியபோது வெளியே வீரர்களின் குரல் கேட்டு எழுந்துபோனேன். உச்சிவேளை. பூதியின் கூரைமேல் மெல்லிதாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. கொற்றன் பழக்கதோஷத்தில் அவ்வீட்டை நோக்கி நாலடி நடந்துவிட்டான். பெயர் சொல்லி நிறுத்தினேன். உலையில் இருப்பது நான் கொடுத்த அரிசியாக இருக்கலாம். தேவியாரின் மானாகவும் இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை. தேவியாரும் கேளாதிருப்பாராக.

இது, பட்டமேதும் இல்லாத நெடுங்காவூர்ப் பொற்காரி எழுத்து. இவ்வோலை கண்டவுடன் களஞ்சியக் கதவு திறக்கப்படுவதாக.