வாசு அண்ணன் கிட்டாருக்கு ஓர் உடம்பு

4 மார்ச் 1984, ஞாயிறு
கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். வாசு அண்ணனின் எலக்ட்ரிக் கிட்டார் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஒட்டுப்பலகை உடம்பு மட்டும் இரண்டாகப் பிளந்துவிட்டது. கழுத்து, கம்பிகள், கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப் எல்லாம் பத்திரம். 17ஆம் தேதி புக்கிட் மெர்தாஜாமில் கல்யாண விருந்து. அண்ணனின் பேண்டுக்கு அதுதான் முதல் மேடை. அவன் சாப்பிடவில்லை.

"நான் செஞ்சு தரேன்" என்றேன். மூன்றாவது தடவைதான் அவனுக்குக் கேட்டது.

"நீயா? கிட்டாருக்கும் நாலு காலு வெச்சுறாத லா!"

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதிலிருந்து மாக் மண்டின் வட்டாரத்து மரப் பட்டறையில் நாற்காலிக் கால் தேய்க்கிறேன். அதற்குத்தான் இந்தக் கிண்டல். ஆனால் சிரித்தான். பிறகு சாப்பிட்டான்.

6 மார்ச், செவ்வாய்
மேற்பார்வை தங்கராஜு அண்ணனிடம் பலகை கேட்க வாய் வரவில்லை. மரத்தில் குழி எடுக்கும் ரவுட்டர் மெஷினை ஓட்டும் காமாரியா அக்காதான் கேட்டார்: "அண்ணே, இந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு குடுங்க லா. வாயத் தொறந்தா முத்து கொட்டிரும்னு பயப்படுது."

மேசைப் பலகையில் மிஞ்சிய மெராந்தி மரத் துண்டு. தடிமன் ஒன்றே முக்கால் அங்குலம். தட்டினால் கணீரென்கிறது!

7 மார்ச்
உடைந்த உடம்பைச் சேர்த்துவைத்துத் தாளில் வரைந்து வெட்டினேன். நெஞ்சில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். என்ன பொருத்தம்! அப்படியே பலகையில் வைத்துக் கோடு போட்டேன்.

10 மார்ச், சனி
அரை நாள் வேலை. மீதி நேரம் ரவுட்டர் எனக்கு! ஒரேயடியாக ஆழமாய்ப் போகக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாய். பிக்கப்புக்கு ஒரு குழி, வயருக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. கழுத்தைத் தட்டி உட்கார வைத்தேன். கவிழ்த்துப் பிடித்தும் விழவில்லை!

தலைமுடியெல்லாம் சிவப்புத் தூள். வீட்டுக்குத் திரும்பும் ஃபெரிப் படகில் எல்லாரும் பார்த்தார்கள். இன்று நான் தலையைக் குனியவில்லை.

11 மார்ச், ஞாயிறு
அய்யோ.

அண்ணன் மாட்டிப் பார்த்தான். உடம்பில் நீண்டிருக்கும் முனை, மேலே வர வேண்டிய கொம்பு, கீழே தொங்குது. "அடியே, இது உன் பீச்சாங்கைக்குல்ல செஞ்சிருக்கே!"

நான்தானே இடதுகைக்காரி. அந்தத் தாளத் திருப்பி என் நெஞ்சுல வெச்சுப் பாத்தேனே — என் வாட்டத்துக்கே கோடு போட்டேனே — எப்படித் தெரியாம போச்சு? வேற பலகை கிடையாது. அவன் திட்டக்கூட இல்ல. திட்டியிருக்கலாம்.

12 மார்ச்
அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பட்டறை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

கவிழ்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது வலதுகைக் கிட்டார்! இந்தப் பக்கமும் குழிகள் எடுத்தால்? கணக்குப் பார்த்தேன். நடுவில் அரை அங்குலம் மிஞ்சும்.

காமாரியா அக்கா: "பாத்து லா. கொஞ்சம் எறங்குனா ஜன்னல்தான்."

13 மார்ச்
ஜன்னல் விழவில்லை.

17 மார்ச், சனி
நன்றாகத்தான் வாசித்தான். ஒரு பாட்டில் தடுமாறினான். மரத்தின் தப்பு இல்லை.

முடிந்ததும் மைக்கில், "இத செஞ்சது என் தங்கச்சி அருந்ததி" என்றான். கிட்டாரைத் திருப்பி, காலிக் குழிகளைக் காட்டினான். "இது அவ பக்கம்." எல்லாரும் கை தட்டினார்கள். நான் பந்தி ஓரத்தில் ரச வாளிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

வரும் வழியில் சொன்னான்: "மேடை இல்லாத நாள்ல அது உன்னோடது லா."

18 மார்ச், ஞாயிறு
அண்ணன் இன்னும் தூங்குகிறான். கிட்டார் சுவரில் சாய்ந்திருக்கிறது, என் பக்கம் தெரிய. கழுத்து, பிக்கப், கம்பிகள் நிற்கும் பாலம் — எல்லாம் திருகு போட்டதுதான். கழற்றி இந்தப் பக்கம் மாட்டலாம்.

கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். இடது கையில்.