நான்காவது ஜோடி

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இரண்டு மாதமாக அம்மா போனில் முகம் காட்டாமல் பேசுகிறாள் என்று உனக்குக் கோபம். காரணத்தைப் பற்றி உன்னிடம் வாய் திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். இந்த வருஷம் நம் கடையில் அவளுக்கு மூன்று ஜோடி செருப்புத் தைத்தேன், மூன்றும் கடித்தது. முப்பது வருஷமாக அவள் கால் எனக்கு மனப்பாடம், அளவே எடுப்பதில்லை. தோல் சரியில்லை என்று வியாபாரியிடம் சண்டை போட்டேன், அப்புறம் என் பார்வைதான் மங்கிவிட்டது என்று கண் டாக்டரிடம் போனேன். துணைக்கு வந்த அம்மா அங்கே கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளை உட்காரவைத்து, பக்கவாட்டுல விரலை ஆட்டுறேன், தெரியுதாம்மா என்று கேட்டார். ஆட்டுங்க, பார்க்கலாம் என்றாள் அம்மா. அவர் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அதன் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பியாம். மூளை சொல்வதைக் கேட்டு, தைராய்டு மாதிரி மற்ற சுரப்பிகள் எவ்வளவு சுரக்கவேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான், ரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவு வந்ததும் அந்தச் சேதி மேலே போய் உத்தரவும் அடங்குமாம். நம் வீட்டில் அந்த வேலையைப் பார்ப்பது யார் என்று உனக்கே தெரியும். அம்மாவுக்கு அதில் ஒரு கட்டி, புற்று இல்லை, பயப்படாதே. போதும் என்றால் அந்தக் கட்டி கேட்பதில்லை, வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால் கை, கால், தாடை எல்லாம் பெரிதாகிவிட்டது, கண் நரம்பையும் அழுத்துகிறது. அடுத்த மாதம் பத்தாம் தேதி மூக்கு வழியாக ஆபரேஷன். பார்வை தெளிய நல்ல வாய்ப்பு உண்டு, வீக்கம் வடியும், வளர்ந்த எலும்பு மட்டும் அப்படியேதான் இருக்கும் என்றார்கள். ஆபரேஷனுக்கெல்லாம் அம்மா அசரவில்லை, என் பொண்ணு என்னைப் பார்த்து யாரோன்னு நினைச்சுட்டான்னா என்றுதான் அழுதாள். அன்றைக்குப் போனில் நீ விளையாட்டாக, என்னம்மா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு என்றாயே, அதிலிருந்துதான் இப்படி. உன் மேல் தப்பில்லை. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் எனக்கே தெரியவில்லையே என்றுதான் மனசு ஆறவில்லை.

நேற்று தரையில் உட்கார்ந்து, காகிதத்தில் அவள் காலை வைத்துச் சுற்றி வரைந்து, புதுசாக அளவெடுத்தேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள், விடவில்லை. நான்காவது ஜோடி கடிக்கவில்லை.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து, முகத்தைக் காட்டு என்று அடம் பிடி. காட்டியதும் உடம்பைப் பற்றி எதுவும் கேட்காதே. முதலில் அம்மா என்று கூப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா