நான் விடாத கை

12 ஆகஸ்ட் 1966, வெள்ளி

லீவு முடிய இன்னும் மூன்று நாள். இன்று கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில், ஆந்திராவிலிருந்து அரிசி கடத்தி வந்த பெண்களைப் போலீஸ்காரர் ஒருவர் விரட்டிக்கொண்டிருந்தார். என் பட்டாளத்துச் சட்டையைப் பார்த்ததும், "மிலிட்டரி, இவளப் புடிச்சுக்கோ, இன்னொருத்தி ஓடறா!" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. அவள் கையை முறுக்கிப் பிடித்தேன். வங்காள எல்லையில் கடத்தலைத் தடுக்கப் போலீசுக்குத் துணையாக எங்களை நிறுத்தியபோது பழகிய பிடி அது.

"உடு நைனா! நாலு படி அரிசிதான். ஊட்ல புள்ளைங்க நேத்துலேர்ந்து பட்டினி."

விட்டிருக்கலாம். போலீஸ்காரர் திரும்பி வரும்வரை நான் விடவில்லை. அவர் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவளை விரட்டினார். என்னிடம் "தேங்க்ஸ்" என்றார். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வெறுங்கையோடு போனாள்.

ராத்திரி வீட்டில், "இன்னா, சோத்துல கைய வெச்சிக்கினு அப்படியே குந்தியிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள். களைப்பு என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

எல்லையில் நான் பிடித்த பெண்களும் அழுதபடி ஏதோ சொல்வார்கள். பாஷை தெரியாததால் நான் காதில் வாங்கியதில்லை. ஒருவேளை அவர்களும் இதையேதான்...

திங்கட்கிழமை அங்கேதான் திரும்ப வேண்டும்.